நைனாவைக் கொண்டுபோன வழி

என் அப்பா கொரோனாவில் சாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றும் பொன்னேரி மார்க்கெட்டில் யாராவது பழைய ஆள் எதிரில் வந்தால், "உங்க நைனா கொரோனால போய்ட்டாரு இல்ல?" என்று இரக்கமாகக் கேட்கிறார்கள். நான் பையைக் கீழே வைத்துவிட்டு, "இல்ல" என்று சொல்லி, அவர்கள் தலையாட்டும்வரை நின்றுவிட்டுத்தான் நகர்வேன்.

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவைக் கொன்றது தூசி. கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கிற ஒரு கம்பெனியில் உலை வாசலில் நின்று நின்று அவர் நெஞ்சுக்கூடு நிறைய அந்தத் தூசி ஏறியிருந்தது. வேலையை விட்டு வந்த பிறகும் காலையில் காறித் துப்பினால் கறுப்பாகத்தான் வரும். இருமல் அவரோடு கூடப் பிறந்தது மாதிரி எங்களுக்குப் பழகிவிட்டது. இருமல் சத்தம் கேட்டால் நைனா வந்துவிட்டார் என்று அம்மா உலை வைப்பாள்.

ஊர் என்றால் எங்கள் பக்கத்தில் இரண்டு உண்டு. நிலம் வைத்திருப்பவர்கள் இருக்கிற தெருவுக்கு ஊர் என்று பெயர். நாங்கள் இருப்பது காலனி. ஒரு காலத்தில் காலனி மொத்தமும் ஊர்க்காரர்கள் வயலில் இறங்கி வேலை செய்தது. கம்பெனிகள் வந்த பிறகு ஆண்கள் சிப்காட்டுக்கும் அத்திப்பட்டு, வள்ளூர் பக்கம் அனல்மின் நிலையத்துக்கும் ஒப்பந்த வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். பெண்கள் கம்பெனி பஸ் ஏறினோம். நான் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் பேக்கிங் பிரிவு. கல்யாணம் ஒத்துவராமல் நைனா வீட்டுக்கே திரும்பி வந்தவள். தம்பி வெளிநாட்டில், கட்டட வேலையில் இருந்தான். வீட்டில் நைனா, அம்மா, நான், அம்மாவின் ஆடுகள்.

ஊரடங்கு என்று டிவியில் சொன்ன மறுநாளும் நான் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். பழக்கம். பஸ் வரவில்லை. சூப்பர்வைசர் போனில், "மறுபடி கூப்புட்ற வரைக்கும் வராதீங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அன்று சிப்காட் பக்கம் எந்தப் புகைபோக்கியிலும் புகை இல்லை. அனல்மின் நிலையத்துப் பக்கம் மட்டும் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தது. மின்சாரத்துக்கு ஊரடங்கு இல்லை. வடநாட்டுப் பிள்ளைகள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஆந்திரா எல்லையைப் பார்த்து ஹைவேயில் வரிசையாக நடந்தார்கள். சாராயக் கடை மூடிக்கிடந்ததால் எங்கள் தெரு ஆம்பளைகள் சாயங்காலமானால் என்ன செய்வதென்று தெரியாமல் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றினார்கள். ரேஷன் கடை வாசலில் சுண்ணாம்பு வட்டம் போட்டார்கள். வட்டத்துக்குள் நம்முடைய பையை வைத்துவிட்டு நாம் எல்லோரும் வேப்பமர நிழலில் ஒரே கும்பலாக உட்கார்ந்திருப்போம். எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, முதலில்.

பிறகு தெருவை அடைக்கிற பழக்கம் வந்தது. டிவியில் பார்த்துவிட்டு எல்லா ஊரிலும் முள்ளை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். எங்கள் தெருவிலும் போட்டோம். ஆனால் நாங்கள் அடைத்தால் நாங்கள்தான் உள்ளே கிடந்தோம். ஊர்த் தெருவை அடைத்தால் மளிகைக் கடை, மருந்துக் கடை, ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போகிற சாலை எல்லாமே அந்தப் பக்கம் போய்விடும். மளிகைக் கடைக்காரர் எங்களுக்காக ஒரு கயிறு கட்டினார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கத்த வேண்டும். மஞ்சள் தண்ணீர் வாளியில் காசைப் போட வேண்டும். ஊர்க்காரர்களுக்கு அந்த வாளி கிடையாது. பால் பிடிக்கிறவர் எங்கள் தெரு மாட்டுப் பாலை வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டால், "ஒங்க ஆளுங்க கம்பெனிக்குப் போய்க்கினு வந்துக்கினு இருக்காங்க" என்றார். அப்போது ஒரு கம்பெனியும் திறந்திருக்கவில்லை.

இதற்கெல்லாம் ஊர்த் தெருவில் தலையாக நின்றவர் தோப்புக்காரர். சாலை முனையில் மாந்தோப்பும் மாடி வீடும், வாய்க்கால் ஓரமாக நல்ல நெல்வயலும் உள்ளவர். நைனா அவரை "சாமி" என்றுதான் கூப்பிடுவார். நான் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கே "அவர்" என்று எழுதுவதுகூட எழுத்துக்காகத்தான், ஆளுக்காக அல்ல. ஊரடங்கு முழுக்க அவர் தெரு முனையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மாஸ்க் தொங்கும். காலனி ஆள் வந்தால் மட்டும் மூக்குக்கு ஏற்றுவார்.

கத்திரி வெயில் தொடங்கிய சமயம் கம்பெனி திறந்தது. பாஸ் கொடுத்தார்கள். பஸ்ஸில் ஒரு சீட் விட்டு ஒரு சீட். வாசலில் நெற்றியில் துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டிச் சூடு பார்த்தார்கள். ஒரே மேஜையில் தோளோடு தோள் உரசிப் பேக் பண்ணிக்கொண்டிருந்தவர்கள் தரையில் ஒட்டிய மஞ்சள் டேப்புக்குள் தனித்தனியாக நின்றோம். திரும்பி வரும்போது தோப்புக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துகொள்ளாமலே கை நீட்டினார்.

"ஏம்மா, கம்பெனிலேந்து நேரா இப்டியே வரியா? சுத்திக்கினு போ."

சுற்றிக்கொண்டு போவதென்றால் வயல் வரப்பில் இறங்கி வாய்க்காலைத் தாண்ட வேண்டும். பாஸைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை. அன்றிலிருந்து கம்பெனி ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பு வழியாகத்தான் வீடு வந்தேன்.

அந்த நாட்களில் இருமுவது குற்றமாகிவிட்டது. நைனா தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு இருமக் கற்றுக்கொண்டார். இருமல் வருகிற மாதிரி தெரிந்தால் அம்மா டிவி சத்தத்தைக் கூட்டுவாள். வெளியில் யாராவது நின்றால் நானே பொய்யாகத் தும்முவேன், சத்தம் என்மேல் போகட்டும் என்று. அவர் உறிஞ்சுகிற மருந்து எங்கள் ஊர்க் கடையில் தீர்ந்துபோனது. பொன்னேரிக்குப் போய் வாங்கி வந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் நைனாவைப் பார்த்து, பரிசோதனையும் எடுத்து, இது பழைய நுரையீரல் நோய், கொரோனா இல்லை என்று சொல்லியே அனுப்பினார். அதற்குள் ஊர்த் தெருவில் வேறு மாதிரி பேச்சு நடந்துவிட்டது. கம்பெனிக்குப் போகிற பெண் நோயைக் கொண்டுவந்து அப்பனுக்குக் கொடுத்துவிட்டாளாம்.

அவர் இறந்தது ஒரு மத்தியானம். அம்மா கேழ்வரகுக் கூழைக் கரைத்துக்கொண்டிருந்தாள். நைனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "ஃபேன பெருசா வையி" என்றார். அது ஏற்கனவே முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய் சும்மா ரெகுலேட்டரைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். அதற்குள் அவர் தலை தோள்பக்கம் சரிந்துவிட்டது.

சுகாதார நர்ஸ் வந்து பார்த்தார். நல்ல பெண்மணி. தெருவில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இது கொரோனா சாவு இல்ல. நீங்க எப்பவும் செய்யுற மாதிரி செய்யலாம், கூட்டம் மட்டும் சேக்காதீங்க" என்று சொன்னார். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் யாரும் வர முடியவில்லை. திருவள்ளூரில் இருக்கிற சித்தப்பாவுக்கு பாஸ் கிடைக்கவில்லை. தம்பிக்கு விமானமே இல்லை. சித்தி மகள் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோவில் அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். மேளம் இல்லை, வெடி இல்லை. பச்சைத் தென்னை ஓலையில் பாடை கட்டினோம். தூக்குவதற்கு ஆள் குறைவாக இருந்ததால் நான் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். பொம்பளை தூக்கக் கூடாது என்று அன்று யாரும் சொல்லவில்லை.

ஊர்த் தெரு முனையில் டிராக்டர் டிரெய்லரைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். அதற்கு இரண்டு பக்கமும் பனந்துண்டம். பின்னால் தோப்புக்காரரும் பத்துப் பதினைந்து ஆட்களும் நின்றார்கள். மாடியில் அவர் வீட்டுப் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

பாடையைத் தோளில் வைத்தபடியே எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கெஞ்சினார். "சாமி, கொரோனா இல்ல சாமி. நர்ஸம்மாவே சொல்லிட்டாங்க. அஞ்சு நிமிசம். தாண்டிப் போய்ட்றோம்."

"நர்ஸு சொன்னா? நாளைக்கு எங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு வந்தா நர்ஸா வந்து பாப்பா?"

"அப்போ எப்படி சாமி எடுத்துக்கினு போறது?"

தோப்புக்காரர் கையை வாய்க்கால் பக்கம் வீசினார். "வாய்க்கால்ல எறங்கி எடுத்துக்கினு போங்க. எங்க தெரு வழியா வராதீங்க."

நான் பாடைக்கு அடியிலிருந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. போலீசுக்குப் போன் போட்டோம். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். வெயிலில் எவ்வளவு நேரம் தோளில் வைத்துக்கொண்டு நிற்பது? நைனாவின் முகத்தில் ஈ மொய்க்கத் தொடங்கியது. கடைசியில் அம்மாதான், "திருப்புங்க" என்றாள்.

வாய்க்காலில் தண்ணீர் வற்றியிருந்தது. ஆனால் அடியில் கறுப்புச் சேறு இருந்தது. கம்பெனிக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்த சேறு. இரண்டு கரையிலும் சீமைக் கருவேலம் நெருங்கி நின்றதால் மேலே நடக்க வழியில்லை. முழங்கால்வரை புதைந்து புதைந்து போனோம். பாதி தூரத்தில் முன்னால் தூக்கியவருக்குக் கால் வழுக்கியது. பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. நைனா உருண்டு சேற்றில் விழுந்தார்.

முகம் கவிழ்ந்து விழுந்தார். நான்தான் முதலில் குதித்துத் திருப்பினேன். கண்ணிலும் வாயிலும் சேறு. கழுவத் தண்ணீர் இல்லை. அம்மா தன் முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வழிந்தது. பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு வந்த சித்தி மகள் அதை அணைக்க மறந்துவிட்டாள். அந்தச் சின்னத் திரையிலிருந்து தம்பி, "நைனா, நைனா" என்று கத்துவது எல்லோருக்கும் கேட்டது.

அப்படியேதான் புதைத்தோம்.

தாலுக்கா ஆபீசில் மனு கொடுத்தோம். நோய்க் காலம், மக்கள் பயத்தில் இருக்கிறார்கள், பிரச்சினையைப் பெரிதாக்க வேண்டாம், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் வேலைக்குப் போனேன். அட்டைப்பெட்டியை மடித்தேன், டேப் ஒட்டினேன். மாஸ்க்குக்குள் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. மாஸ்க் போட்டதில் ஒரு நன்மை, நம் முகம் என்ன செய்கிறதென்று சூப்பர்வைசருக்குத் தெரியாது. நைனாவை நினைத்து அழுதேன் என்று சொன்னால் பொய். அந்த ஆளை என்ன செய்யலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். தோப்பில் தீ வைக்கலாமா என்று நினைத்தேன். மோட்டார் ரூமில் கல்லைப் போடலாமா என்று நினைத்தேன். எதைச் செய்தாலும் ஜெயிலுக்குப் போவது நானாக இருக்கும். அம்மாவுக்கு ஆடு மட்டும்தான் மிஞ்சும்.

வழியைச் சொன்னது தம்பி. ஒருநாள் போனில் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று, "ரோட்டோரத் துண்டு யாரு பேர்ல கீது?" என்று கேட்டான்.

அதை நான் மறந்தே போயிருந்தேன். நைனா வேலையை விட்டபோது கிடைத்த பணத்தில் சாலையோரமாக ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தார். அகலம் குறைவு, நீளம் அதிகம், பாகற்காய் போட்டால்கூடச் சரியாக வராத உப்பு மண். முன்னே அது தோப்புக்காரரின் பங்காளி ஒருவருடையது. பங்காளிச் சண்டையில் தோப்புக்காரர் மூக்கை அறுப்பதற்காகவே அந்த ஆள் காலனிக்காரரான நைனாவுக்கு எழுதிக் கொடுத்தார். தோப்புக்காரரின் நெல்வயல் அந்தத் துண்டுக்குப் பின்னால் இருந்தது. மற்ற மூன்று பக்கமும் வாய்க்காலும் அடுத்தவர் வயலும். டிராக்டர், அறுவடை மிஷின் எதுவானாலும் எங்கள் துண்டைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். நைனா இருந்தவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. மிஷின் வருகிற அன்று தானே போய்க் கல், முள்ளெல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு வருவார்.

"கல்லு நட்டு கம்பி கட்டு" என்றான் தம்பி. "நான் அனுப்பறேன்."

அம்மா தடுப்பாள் என்று நினைத்தேன். வாசலில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல் சொன்னாள். "முள்ளுக் கம்பியா போடு. வழுவழுன்னு இருக்கற கம்பி வாணாம்."

அவசரப்படவில்லை. பட்டாவை அம்மா பேருக்கு மாற்றி, சர்வேயரை வைத்து அளந்து, நாலு மூலையிலும் கல் போட வைத்தேன். சம்பா நட்டு, பயிர் எழும்பி, கதிர் முற்றும்வரை பேசாமல் இருந்தேன். முன்கூட்டியே வேலி போட்டால் அவர் நடாமலே விட்டுவிடக்கூடும். அவர் உரம் போட வேண்டும், மருந்து அடிக்க வேண்டும், தினமும் வரப்பில் நின்று கதிரைத் தடவிப் பார்க்க வேண்டும் என்று நான் காத்திருந்தேன். தை பிறக்கும் நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கற்களை நட்டோம். சாயங்காலத்துக்குள் கம்பி இழுத்து முடித்துவிட்டோம்.

மறுநாள் காலை தோப்புக்காரர் வந்தார். முதன்முறையாக எங்கள் நிலத்துக்கு வெளியே நின்று பேசினார்.

"இன்னாம்மா இது? புதுசா வேலி?"

"எங்க நெலம். வேலி போட்டுக்கினோம்."

"நாளன்னிக்கு மிஷின் வருது. ரெண்டு கல்ல மட்டும் புடுங்கிட்டா போதும். அறுத்து முடிச்சதும் நானே ஆள வெச்சு நட்டுக் குடுக்கறேன்."

"வாணாம்."

"இன்னா வாணாம்? ஒங்க நைனா இருந்தப்ப இப்டி ஒரு பேச்சு வந்ததே இல்ல."

"அப்போ அவருகிட்டயே போய்க் கேளுங்க. ஆத்தங்கரையிலதான் கீறாரு."

அவர் முகம் மாறியது. சுற்றிலும் பார்த்தார். எங்கள் தெரு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நின்றுவிட்டார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது நோயிக்குப் பயந்து செஞ்சதும்மா. ஊரே பயந்துக்கினு கெடந்துது. அத மனசுல வெச்சுக்கினு வயித்துல அடிக்கலாமா?"

"நோயிக்கா? நோயி வர்றதுக்கு முன்னாடி எங்க சாவு ஒங்க தெரு வழியா போவும்போதெல்லாம் மேளத்த நிறுத்துன்னு சொன்னது யாரு? அப்போ எந்த நோயி இருந்துது?"

அவர் வயலைத் திரும்பிப் பார்த்தார். "மிஷின் எப்டிம்மா உள்ள போறது?" என்று மட்டும் கேட்டார். உண்மையாகவே கேட்டார். அந்தக் கேள்விக்காக நான் எத்தனையோ மாதம் காத்திருந்தேன். ஆனால் பதிலை நான் சொல்வதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். ஆட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு வேலிவரை நடந்து வந்து, அவர் கண்ணைப் பார்த்து, சத்தம் போடாமல் சொன்னாள்.

"வாய்க்கால்ல எறக்கி எடுத்துக்கினு போ. என் புருசன் உழுந்த எடத்துல ஒன் மிஷினும் உழட்டும்."

அம்மா அவரை "நீ" என்று பேசியது அதுதான் முதல் தடவை. அவர் திரும்பிப் போய்விட்டார்.

ஸ்டேஷனுக்குப் போனார். தாலுக்கா ஆபீசுக்குப் போனார். எங்கள் கல் எங்கள் எல்லைக்குள்தான் இருந்தது. பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வார்த்தை எனக்கு ஏற்கனவே பழக்கம். பக்கத்து வயல்காரர்களைக் கேட்டுப் பார்த்தார். நிற்கிற பயிரின்மேல் அவருக்காக மிஷினை விட யார் சம்மதிப்பார்கள்? கையால் அறுக்க எங்கள் தெருவுக்கு ஆள் அனுப்பினார். அந்த வாரம் எங்கள் தெருப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இடுப்புவலி வந்துவிட்டது. ஒருத்தி மட்டும், "எனுக்கு இடுப்பு நல்லாத்தான் கீது, மனசுதான் புடிச்சுக்கினு கீது" என்றாளாம். கடைசியில் ஆந்திராவில் தடா பக்கமிருந்து தெலுங்குக்காரர்களைப் பேசி வரவழைத்தார். அவர்கள் வந்து இறங்கிய அன்று மழை பிடித்துக்கொண்டது.

தை மாதத்தில் அப்படி ஒரு மழை பெய்து நான் பார்த்ததில்லை. கதிர் மொத்தமும் தண்ணீரில் சாய்ந்தது. நான் லீவு போட்டேன். குடையைப் பிடித்துக்கொண்டு வேலி ஓரமாக நின்று பார்த்தேன். விட்டு விட்டுப் பெய்து ஓய்ந்தபோது நெல்மணி கதிரிலேயே முளை விட்டிருந்தது. புளித்த வாடை சாலைவரை அடித்தது. அந்த நெல்லைப் பார்த்து எங்கள் தெருக்காரர் ஒருவர், "சோறாச்சே, பாவம்" என்றார். எனக்கும் நெல் பாவம்தான். ஆனால் தோப்புக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கி, ஒவ்வொரு கதிராகத் தூக்கிப் பார்த்துக் கீழே போட்டதைப் பார்த்தபோது வயிறு நிறைந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டது மாதிரி இருந்தது. அன்று வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

இரண்டாவது அலை வந்தபோது அவரை நோய் பிடித்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்து வந்தார். ஆனால் மூச்சு பழையபடி இல்லை. மாடிப் படி இறங்குவதில்லை என்றார்கள். எங்கள் தெருவில் சிலர், "பாத்தியா, சாமி கேட்டுச்சு" என்று என்னிடம் வந்து சொன்னார்கள். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. நோய் நல்லவர்களையும்தான் பிடித்தது. எங்களுக்காகத் தெருவில் நின்று பேசிய அந்த நர்ஸையும் அதே மாதத்தில்தான் கொண்டுபோனது. நோய் செய்ததை எடுத்து என் பக்கத்தில் சேர்த்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. நான் செய்தது எனக்குப் போதும். இன்னும் கொஞ்சம் செய்யவும் பாக்கி இருந்தது.

அது சுடுகாட்டுச் சாலை. காலனிப் பசங்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி மனு போட்டேன். லீவு நாளெல்லாம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். ஒரு சின்ன வயசு அதிகாரி வந்தார். பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, ஊர்த் தெரு வழியாகப் போவது யாருடைய சொந்த வழியும் அல்ல, பொதுவழி என்றார். அதுமட்டும் இல்லை. அளந்தபோது தோப்புக்காரர் வீட்டுச் சுற்றுச்சுவரின் ஒரு மூலை சாலைக்குள் வந்திருந்தது. ஜேசிபி வந்து அந்த மூலையை இடித்தது. அதைப் பார்க்க அம்மாவைப் புதுப் புடவை கட்டச் சொல்லி அழைத்துப் போனேன். இப்போது ஆற்றங்கரைவரை சிமென்ட் சாலை. எங்கள் தெருவில் போன வருடம் ஒரு பாட்டி இறந்தபோது அந்த முனையில் வேண்டுமென்றே பாடையை இறக்கி வைத்து, பசங்கள் கை ஓயும்வரை மேளம் அடித்தார்கள். மாடி ஜன்னல் சாத்தியிருந்தது.

சாலை போட்ட கொஞ்ச நாளில் தோப்புக்காரரின் மகன் பைக்கில் வந்தான். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், அப்பாவுக்கு முடியாததால் திரும்பி வந்தவன். சிறுவயதிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் அன்று, "அக்கா" என்றான்.

"அக்கா, அதான் ரோடு வுட்டாச்சு இல்ல. இனிமே ஒங்களுக்கு ஒரு பேஜாரும் இல்ல. அந்தக் கம்பிய எடுத்துடுங்க. வயலு சும்மா கெடக்குது."

"ரோடு சர்க்காரோடது. அத வுட்டது நீ இல்ல."

"சரிக்கா, நடந்தது நடந்துபோச்சு. எங்கப்பாவுக்கும் முடியல. பெரிய மனசு பண்ணுங்க."

"ஒங்கப்பா வந்து கேக்கட்டும். எங்கூட்டு வாசல்ல வந்து, எங்கம்மா கால்ல உழுந்து, அன்னிக்கு பண்ணது தப்புன்னு எல்லாரும் கேக்குற மாதிரி சொல்லட்டும். அப்பறம் எடுக்கறதா வாணாமான்னு யோசிக்கிறேன்."

"யோசிக்கிறேன்னா? எடுத்துடுவேன்னு சொல்லுங்க."

"யோசிப்பேன். அவ்ளோதான்."

அவன் அப்பாவிடம் போய்ச் சொன்னானா என்று தெரியாது. அவர் வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் கம்பெனியில் என்னோடு வேலை செய்கிற ஒரு பெண், சர்ச்சுக்குத் தவறாமல் போகிறவள், மத்தியானம் சாப்பிடும்போது அடிக்கடி சொல்வாள்: "மன்னிச்சுடுக்கா. ஒனக்குதான் பாரம் கொறையும்." எனக்குப் பாரமாக இருந்ததே இல்லை. வேலி போட்ட பிறகுதான் என்னால் நைனாவின் முகத்தைச் சேறு இல்லாமல் நினைக்க முடிகிறது. வேட்டியை உதறிக் கட்டுவது, பீடியைக் காதில் செருகிக்கொண்டு மறந்துபோய்த் தேடுவது, இதெல்லாம் இப்போதுதான் திரும்பி வருகிறது. மன்னித்தவர்களுக்கும் இப்படித்தான் இருக்கும்போல. நான் வேறு பக்கமாக வந்து சேர்ந்தேன்.

அந்த வயலில் இப்போது சீமைக் கருவேலம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. எங்கள் துண்டில் அம்மா எங்கிருந்தோ எருவைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி, கொத்தவரை போட்டிருக்கிறாள். பொன்னேரி மார்க்கெட்டுக்குக் கொஞ்சம் போகிறது. மீதி ஆட்டுக்கு.

போன மாதம் ஒரு நிலத் தரகர் வந்தார். வெள்ளைச் சட்டை, இரண்டு போன். யாரோ பெரிய கம்பெனிக்கு குடோன் கட்ட இடம் வேண்டுமாம். பின்னால் இருக்கிற வயலைக் கொடுக்க மகன் சம்மதித்துவிட்டானாம். ஆனால் சாலை முகப்பு எங்களிடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால்தான் கம்பெனி வாங்கும்.

"நல்ல ரேட்டும்மா" என்றார் அம்மாவிடம். "டப்பு கையில வந்ததும் நீங்க பொன்னேரிலயே ஊடு கட்டிக்கினு போய்டலாம். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, நான் முடிச்சுத் தரேன்."

அம்மா கொத்தவரங்காயைக் கூறு கட்டிக்கொண்டே கேட்டாள். "நாங்க குடுக்கலன்னா?"

"அப்ப அவுங்களுதும் விக்காதும்மா. ரெண்டு பேருக்கும்தான் நஷ்டம்."

"குடுத்தா?"

"ரெண்டு பேருக்கும் லாபம்மா" என்று சிரித்தார் அவர்.

"அவனுக்குமா?"

"ஆமா. சேத்துதான போவுது."

"அப்போ வாணாம்" என்றாள் அம்மா.

தரகர் என்னைப் பார்த்தார். படித்த பெண், கம்பெனிக்குப் போகிறவள், எடுத்துச் சொல்வாள் என்று நினைத்திருப்பார். நான் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார். எனக்கு செகண்ட் ஷிஃப்ட். ஷூவை மாட்டிக்கொண்டு, சிமென்ட் சாலையில் நடந்து போய் பஸ் ஏறினேன்.